காந்தி கொலையின் பின்னணி ஆட்கள்: ஜனவரி 20 முதல் 30 வரை

கேள்வி இதுதான்: "காந்தியைச் சுட்டது கோட்சே என்று படித்திருக்கிறோம். ஆனால் வெளியே வராத பெரிய கைகள் பின்னால் இருந்தன, நான்காவது தோட்டா ஒன்று உண்டு, பிரிட்டிஷ் உளவுப்படைக்குத் தொடர்பு உண்டு என்றெல்லாம் சொல்கிறார்களே, எவ்வளவு உண்மை?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்சே தனி ஆள் இல்லை. அவருடன் ஒரு கூட்டம் இருந்தது, பணம் வந்தது, ஆயுதம் வந்தது, தங்க இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் கூட்டம் யார் கண்ணுக்கும் தெரியாத ரகசிய சக்தி இல்லை. அதிலிருந்த பலரின் பெயர்கள் கொலைக்கு முன்பே அரசுக் கோப்புகளில் இருந்தன. பம்பாயில் கொஞ்சம், பூனாவில் கொஞ்சம், அகமத்நகரில் கொஞ்சம், டெல்லியில் கொஞ்சம் என்று கிடந்த அந்தத் தகவல்களை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க 10 நாள் அவகாசமும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எனக்கு நான்காவது தோட்டாவை விட அந்தப் பத்து நாள்தான் பெரிய விஷயம்.

ஆட்களைப் பார்ப்போம். நாதுராம் கோட்சே பூனாவில் மராத்திப் பத்திரிகை நடத்தியவர். முதலில் 'அக்ரணி', பிறகு அதே பத்திரிகை 'இந்து ராஷ்டிரா' என்ற பெயரில் வந்தது. அதன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் நாராயண் ஆப்தே. ஆப்தே அகமத்நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அங்கே துப்பாக்கிப் பயிற்சிக் குழு ஒன்றை ஆரம்பித்தவர். திட்டம் போடுவது, பணம் புரட்டுவது, ஆளைப் பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஆப்தேயின் வேலை. அகமத்நகரில் டெக்கான் கெஸ்ட் ஹவுஸ் என்ற விடுதி நடத்திய விஷ்ணு கர்கரே அவர்களோடு சேர்ந்தவர். அந்த விடுதிப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டவர் மதன்லால் பாவா. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இளைஞர், முன்பு கடற்படையில் இருந்தவர். பூனாவில் 'சஸ்திர பண்டார்' என்று பெயர்ப் பலகை வைத்துக் கத்தி, வாள் விற்று, மறைவில் வெடிகுண்டும் துப்பாக்கியும் விற்றவர் திகம்பர் பட்கே. அவரிடம் வேலை பார்த்தவர் சங்கர் கிஸ்தய்யா. நாதுராமின் தம்பி கோபால் கோட்சே கிர்க்கியில் ராணுவ வாகன உதிரிபாகக் கிடங்கில் வேலையில் இருந்தார். கடைசியாக, குவாலியரில் மருத்துவராக இருந்தவர், இந்து தேசியவாதக் கட்சியான இந்து மகாசபையைச் சேர்ந்த தத்தாத்ரேய பர்ச்சுரே.

இவர்களில் யாராவது இருட்டில் வாழ்ந்தவரா? பத்திரிகை ஆசிரியர், விடுதிக்காரர், கடைக்காரர், டாக்டர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். பம்பாய் மாகாண அரசு வைத்திருந்த பத்திரிகைப் பட்டியலில் 'இந்து ராஷ்டிரா'வுக்கு நேரே என்.வி. கோட்சே என்றும் என்.டி. ஆப்தே என்றும் எழுதியிருந்தது.

பணமும் ஆயுதமும் எப்படி வந்தன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 1947 கடைசியில் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேராமல் நின்றது. எல்லையில் நிஜாம் ஆதரவு ஆயுதப் படையினரான ரஜாக்கர்களுக்கு எதிராகப் போராடுகிறோம் என்று சொல்லி இந்து மகாசபை வட்டாரத்தில் வெளிப்படையாகவே பணம் வசூலிக்கப்பட்டது, ஆயுதம் வாங்கப்பட்டது. பல அதிகாரிகள் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள், சிலருக்கு அனுதாபமும் இருந்தது. டெல்லிக்குக் கிளம்பும் நாளில் கூட கோட்சேயும் ஆப்தேயும் பம்பாய் வணிகர்களிடம் ஹைதராபாத் பெயரைச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கொடுத்தவர்களுக்குக் கொலைத் திட்டம் தெரிந்திருந்தது என்று வழக்கில் நிறுவப்படவில்லை. வெடிமருந்துப் பையைச் சில நாள் வைத்திருந்தது பம்பாய் பூலேஸ்வரில் ஒரு வைணவ மடத்துப் பெரியவரின் வீடு. அவர் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாகவே வந்தார். மறைமுகத் தொடர்பு என்றால் இந்த வழக்கில் பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு காரியத்துக்கென்று கட்டிய வலைப்பின்னலை அதற்குள் இருந்த சிலர் இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த வலையை முன்பே அறுத்திருக்க வேண்டியது அரசு.

1948 ஜனவரி 13 அன்று காந்தி டெல்லியில் உண்ணாவிரதம் தொடங்கினார். அதே நாளிலும் மறுநாளிலும் நாதுராம் தன்னுடைய இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளை ஆப்தேயின் மனைவி பெயருக்கும் கோபாலின் மனைவி பெயருக்கும் எழுதிவைத்தார். முடிவு எடுத்தாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. பிரிவினைப் பங்காகப் பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 55 கோடி ரூபாயைக் கொடுக்கும் முடிவு வந்தது 15ஆம் தேதி. 55 கோடிக்காகத்தான் கொன்றார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். அதோடு, 1934இலேயே பூனாவில் காந்தி வருவதாக இருந்த கார் என்று நினைத்து வெடிகுண்டு வீசப்பட்டிருக்கிறது. அப்போது பாகிஸ்தானும் இல்லை, 55 கோடியும் இல்லை.

17ஆம் தேதி கோட்சேயும் ஆப்தேயும் பொய்ப் பெயரில் விமானம் ஏறி டெல்லி வந்து, கன்னாட் பிளேஸில் மரினா ஹோட்டலில் வேறு பொய்ப் பெயர்களில் தங்கினார்கள். மற்றவர்கள் சிலர் இந்து மகாசபை பவனில், சிலர் சாந்தினி சௌக்கில் ஒரு விடுதியில். 20ஆம் தேதி மாலை, காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகையின் பிரார்த்தனைக் கூட்டத்தில் திட்டம் இப்படி: மதன்லால் பின்சுவர் அருகே வெடி வைப்பார், கூட்டம் கலையும், காந்தி உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையின் ஜன்னல் வழியாகப் பட்கே சுட்டுக் கையெறி குண்டு வீசுவார். வெடி வெடித்தது. பட்கே பயந்து அந்த அறைக்குள் போகவே இல்லை. மதன்லாலை அங்கிருந்த ஒரு பெண் அடையாளம் காட்டப் பிடித்துவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் தப்பித்துப் போனார்கள். காந்தி அசையாமல் உட்கார்ந்து கூட்டத்தை அமைதிப்படுத்திப் பிரார்த்தனையைத் தொடர்ந்தார்.

இங்கிருந்துதான் எனக்குக் கோபம் வருகிறது.

மதன்லால் வாயைத் திறந்தார். மரினா ஹோட்டலைக் காட்டினார். கர்கரேயின் பெயரைக் கொஞ்சம் சிதைத்துச் சொன்னார். கூட வந்தவர்களில் ஒருவர் பூனாவிலிருந்து வரும் பத்திரிகையின் ஆசிரியர் என்பது 24ஆம் தேதிக்குள் எழுத்தில் பதிவாகிவிட்டது. மரினா ஹோட்டல் அறையில் தங்கியவர்கள் சலவைக்குப் போட்ட துணிகள் போலீஸ் கைக்கு வந்தன, அவற்றில் என்.வி.ஜி. என்று குறி இருந்தது. நாதுராம் விநாயக் கோட்சே. பூனா போலீசுக்கு ஒரு தந்தி அடித்து, உங்கள் ஊரில் இந்தப் பத்திரிகையை நடத்துவது யார் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் வந்திருக்கும்.

டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் 21ஆம் தேதியே விமானத்தில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே சிறப்புப் பிரிவுத் துணை கமிஷனராக இருந்தவர் ஜே.டி. நாகர்வாலா. வந்த அதிகாரிகளை வெளியே நடமாடாதீர்கள், எங்கள் விசாரணை கெட்டுவிடும் என்று சொல்லி, ஒன்றும் செய்யவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் என்ன தகவல் கொண்டுவந்தார்கள் என்பதில் இரு தரப்பும் பிறகு ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னது. நாகர்வாலாவோ காந்தியைக் கடத்திக்கொண்டுபோக ஒரு பெரிய கும்பல் திட்டமிடுகிறது என்ற கோணத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு இடத்தில் வெடி வெடித்து, கையெறி குண்டோடு ஆள் பிடிபட்ட பிறகு கடத்தல் என்று எப்படித் தோன்றியதோ!

பூனாவின் சி.ஐ.டி. தலைமை அதிகாரி யு.எச். ராணா அப்போது டெல்லியிலேயே இருந்தார். மதன்லாலின் முழு வாக்குமூலத்தின் நகல் 25ஆம் தேதி அவர் கையில் கொடுக்கப்பட்டது. பூனா பத்திரிகை ஆசிரியர் என்ற வரி அதில் இருந்தது. அவர் விமானம் ஏறவில்லை. அலகாபாத் வழியாகச் சுற்றி ரயிலில் போய் 27ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். அதே 27ஆம் தேதி கோட்சேயும் ஆப்தேயும் பம்பாயிலிருந்து விமானத்தில் டெல்லி வந்து இறங்கினார்கள். இந்த ஒரு தேதியைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

இதற்கெல்லாம் மேலே டெல்லியில் உளவுத்துறை இயக்குநராக இருந்தவர் சென்னை மாகாணப் போலீசிலிருந்து போன டி.ஜி. சஞ்சீவி. சுதந்திர இந்தியாவின் முதல் உளவுத்துறை இயக்குநர், நம் ஊர்க்காரர். டெல்லிப் போலீசின் தலைமைப் பொறுப்பும் அப்போது அவரிடம் இருந்தது. இரண்டு பதவியும் ஒருவரிடம் இருந்ததால் தகவல் வேகமாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பம்பாயை விரட்டிக் கேட்கவில்லை, கோட்சேயையும் ஆப்தேயையும் முகம் தெரிந்த பூனா போலீஸ்காரர்களை வரவழைத்துப் பிர்லா மாளிகை வாசலில் நிறுத்தவில்லை. பின்னாளில் விசாரணை ஆணையம் இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொன்னது. பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதனை போட காந்தி ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் ஒருவரின் முகத்தை அடையாளம் காணச் சோதனை எதற்கு? மஃப்டியில் நிற்கிற ஒருவர் போதும்.

இன்னொரு வழியிலும் எச்சரிக்கை வந்தது. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. பம்பாய் ரூயா கல்லூரிப் பேராசிரியர் ஜெகதீஷ் சந்திர ஜெயின் மதன்லாலுக்குத் தன் புத்தகங்களை விற்கும் வேலை கொடுத்து உதவியவர். ஜனவரி முதல் பாதியிலேயே மதன்லால் அவரிடம், ஒரு பெரிய தலைவரைக் கொல்லத் திட்டமிருக்கிறது என்று சொல்லி, காந்தியின் பெயரையும் சொல்லிவிட்டார். அகதி இளைஞன் ஆத்திரத்தில் பேசுகிறான் என்று ஜெயின் முதலில் நினைத்தார். 20ஆம் தேதி குண்டு வெடித்த செய்தியில் மதன்லால் பெயரைப் பார்த்ததும் பதறிப்போய், மறுநாளே பம்பாய் அரசின் தலைவர் பி.ஜி. கேரையும் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயையும் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். கர்கரேயின் பெயரையும் சொன்னார், இந்து மகாசபையின் முன்னாள் தலைவர் சாவர்க்கர் மதன்லாலை அழைத்துப் பேசி முதுகில் தட்டிக் கொடுத்ததாக மதன்லால் சொன்னதையும் சொன்னார். மொரார்ஜி அன்றிரவே ரயில் நிலையத்தில் நாகர்வாலாவை அழைத்துக் கர்கரேயைப் பிடி, சாவர்க்கர் வீட்டைக் கண்காணி என்றார். அடுத்த நாள் அகமதாபாத்தில் மத்திய உள்துறை அமைச்சர் படேலிடமும் சொன்னார். அமைச்சர் வரை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த தகவல் இது.

கர்கரே விஷயம் இன்னும் மோசம். அகமத்நகரில் அவருடைய ஆட்களோடு தொடர்புடைய ஆயுதங்கள் அந்த ஜனவரி தொடக்கத்திலேயே பிடிபட்டிருந்தன. அவரைத் தடுப்புக்காவலில் வைக்கும் ஆணை காகிதத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அது கைக்கு வருவதற்குள் ஆள் ஊரைவிட்டுக் கிளம்பிப்போயிருந்தார்.

டெல்லியிலிருந்து தப்பிய நாதுராமும் ஆப்தேயும் கான்பூர் வழியாகப் பம்பாய் வந்தார்கள். ஹோட்டலில் தங்கினார்கள், தாணேயில் கோபாலையும் கர்கரேயையும் சந்தித்துப் பேசினார்கள், கைத்துப்பாக்கி கேட்டு இரண்டு மூன்று இடம் அலைந்தார்கள். இதெல்லாம் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்ன அதே நகரத்தில் நடந்தது.

20ஆம் தேதி அவர்கள் வைத்திருந்த துப்பாக்கிகள் உருப்படியானவை இல்லை. நல்ல துப்பாக்கி ஒன்றுக்காக 27ஆம் தேதி இரவே டெல்லியிலிருந்து ரயிலில் குவாலியர் போய் பர்ச்சுரேயின் கதவைத் தட்டினார்கள். அடுத்த நாள் கங்காதர் தண்டவதே என்பவர் மூலம் இத்தாலியில் செய்த பெரெட்டா தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. எண் 606824. 29ஆம் தேதி டெல்லி திரும்பி ரயில் நிலைய ஓய்வறையில் தங்கினார்கள். 30ஆம் தேதி மாலை ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. படேலோடு பேசிக்கொண்டிருந்ததால் அன்று காந்தி பிரார்த்தனைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்.

உண்மையிலேயே இருட்டாக இருக்கிற பகுதி எது என்று கேட்டால் நான் குவாலியரைத்தான் சொல்வேன். அந்தத் துப்பாக்கி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது ஓரளவு தெரியும். அதற்கு முன்னால் அது யாரிடம் இருந்தது, ஐரோப்பியத் துப்பாக்கி ஒரு சமஸ்தான ஊருக்கு எப்படி வந்தது என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை. தண்டவதே, கங்காதர் ஜாதவ், சூர்யதேவ் சர்மா ஆகிய மூவரும் தலைமறைவுக் குற்றவாளிகள் என்று வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டார்கள். விசாரணை முழுக்க அவர்கள் கிடைக்கவில்லை. பர்ச்சுரே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பிறகு அவரே மறுத்தார். கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, அந்த வாக்குமூலத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆக, காந்தியைக் கொன்ற ஆயுதத்தைக் கொடுத்ததற்காக இறுதியில் சிறையில் இருந்தவர் ஒருவரும் இல்லை. பிரிட்டிஷ் சதி என்று வீடியோ போடுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சரி, சாவர்க்கர். இந்தக் கேள்வியில் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நீதிமன்றம் சொன்னது ஒன்று, ஆணையம் சொன்னது வேறு. டெல்லி செங்கோட்டையில் 1948 மே மாதம் தொடங்கிய வழக்கில் அவரும் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி அப்ரூவராக, அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய பட்கே. கோட்சேயும் ஆப்தேயும் ஜனவரி 17 அன்று தாதரில் சாவர்க்கர் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, வெற்றியோடு திரும்பி வாருங்கள் என்று சாவர்க்கர் சொன்னதைக் கேட்டேன் என்றார் பட்கே. அவர்களோடு ரயிலில் வந்து, காரில் அவர்களை அழைத்துச்சென்ற ஒரு நடிகை, ஜனவரி 14 அன்று சாவர்க்கர் வீட்டருகே இறக்கிவிட்டதாகச் சாட்சி சொன்னார். வீட்டருகே இறங்கியது நிரூபணம், உள்ளே என்ன பேசினார்கள் என்பது நிரூபணம் இல்லை. அப்ரூவர் சொல்வதற்குத் தனியாக வேறொரு ஆதாரம் வேண்டும் என்பது சட்டத்தின் பழைய விதி. அந்த ஆதாரம் இல்லை என்று நீதிபதி ஆத்ம சரண் 1949 பிப்ரவரி 10 அன்று சாவர்க்கரை விடுதலை செய்தார். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சாவர்க்கரின் மெய்க்காப்பாளர் அப்பா கசாரும் செயலாளர் கஜானன் தாம்லேயும் 1948 மார்ச்சிலேயே பம்பாய்ப் போலீசிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். கோட்சேயும் ஆப்தேயும் ஜனவரி நடுவிலும், குண்டுவெடிப்புக்குப் பிறகு 23, 24 வாக்கிலும் சாவர்க்கரைச் சந்தித்தார்கள் என்பது அதன் சாரம். இந்த இருவரையும் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்தவே இல்லை. ஏன் என்ற கேள்விக்குத் திருப்தியான விடை எங்கும் கிடையாது. பட்கே சொன்னதற்கு நீதிபதி தேடிய தனி ஆதாரத்தின் ஒரு துண்டு போலீஸ் கோப்பிலேயே கிடந்தது. அது வந்திருந்தால் தண்டனை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, குறுக்கு விசாரணையில் அது நின்றிருக்குமா என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். படேலே 1948 பிப்ரவரி 27 அன்று நேருவுக்கு எழுதிய கடிதத்தில், சாவர்க்கரின் நேரடித் தலைமையில் இருந்த இந்து மகாசபையின் தீவிரப் பிரிவுதான் சதியைத் தீட்டி நிறைவேற்றியது என்று எழுதியிருக்கிறார். உள்துறை அமைச்சரின் நம்பிக்கை அது.

அதே கடிதத்தில் ஆர்.எஸ்.எஸ். அமைப்பு இந்தச் சதியில் ஈடுபடவில்லை என்றும் படேல் சொன்னார். இந்த இரண்டாவது வரியை மட்டும் ஒரு தரப்பும், முதல் வரியை மட்டும் இன்னொரு தரப்பும் எடுத்துக்கொள்வது வழக்கம். சில மாதம் கழித்து, இந்து மகாசபைத் தலைவர்களில் ஒருவரான சியாமா பிரசாத் முகர்ஜிக்கு எழுதியபோது, இந்த இரு அமைப்புகளின், குறிப்பாக ஆர்.எஸ்.எஸ்.ஸின் நடவடிக்கைகள் இப்படியொரு கொடுமை நடக்கக்கூடிய சூழலை உண்டாக்கின என்றும் எழுதினார். சூழலை உண்டாக்குவதும் சதியில் சேர்வதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை விடாமல் பேசுவதுதான் நேர்மை. ஆர்.எஸ்.எஸ். 1948 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டு 1949 ஜூலையில் தடை நீங்கியது. கோட்சே முன்பு அதில் இருந்தவர், விலகிவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். விலகவே இல்லை என்று தம்பி கோபால் 1990களில் பேட்டி கொடுத்தார்.

தீர்ப்பில் நாதுராமுக்கும் ஆப்தேவுக்கும் தூக்கு, 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் நிறைவேறியது. கர்கரே, மதன்லால், கோபால் மூவருக்கும் ஆயுள் தண்டனை நிலைத்தது. கிஸ்தய்யா மேல்முறையீட்டில் விடுதலையானார். போலீஸைப் பற்றி ஆத்ம சரண் எழுதியதுதான் எனக்கு முக்கியம்: ஜனவரி 20க்கும் 30க்கும் இடையில் விசாரணையில் கொஞ்சமாவது அக்கறை காட்டியிருந்தால் இந்தத் துயரம் நடந்திருக்காது என்ற பொருளில் தீர்ப்பிலேயே எழுதினார். அதற்காக யாரும் பதவி இழக்கவில்லை. கொலைக்குப் பிறகு விசாரணைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதே நாகர்வாலாவிடம்தான்.

அப்புறம் 15 வருடம் மௌனம். 1964 அக்டோபரில் கோபால், கர்கரே, மதன்லால் மூவரும் விடுதலையானார்கள். அடுத்த மாதம் பூனாவில் அவர்களை வரவேற்க ஒரு பூஜை. அந்த மேடையில் திலகரின் பேரன் ஜி.வி. கேத்கர், கோட்சேயின் எண்ணம் தனக்கு முன்பே தெரியும் என்று பேசிவிட்டார். பாலுகாகா கனித்கர் என்பவர் மூலம் பம்பாய் அரசுக்குச் சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார். கேரின் அரசுக்கு இன்னொரு எச்சரிக்கையும் போயிருந்தது என்று நாடே அதிர்ந்தது. நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு. அப்படித்தான் விசாரணை ஆணையம் வந்தது. 1966இல் பொறுப்பேற்ற ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜீவன்லால் கபூர் 101 சாட்சிகளையும் 407 ஆவணங்களையும் பார்த்து 1969இல் அறிக்கை கொடுத்தார். நான் மேலே சொன்ன ரயில் பயணம், சலவைத் துணி, கசார், தாம்லே வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் அதில் விரிவாகப் படிக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சாவர்க்கரும் அவருடைய குழுவும் செய்த சதி என்பதைத் தவிர வேறு விளக்கம் நிற்காது என்று கபூர் எழுதினார். ஆனால் அந்த வரி வந்தபோது சாவர்க்கர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, பதில் சொல்ல அவர் இல்லை. ஆணையத்தின் கருத்து குற்றத்தீர்ப்பும் ஆகாது. படேலும் கேரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆணையம் இவ்வளவு தாமதமாக வந்ததே இந்த வழக்குக்கு நேர்ந்த இரண்டாவது அநியாயம்.

இப்போது நான்காவது தோட்டா. கோட்சே சுட்டது மூன்று முறை. மூன்று தோட்டாக் கணக்குதான் வழக்கு முழுவதும். உடலுக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் இந்தக் கதை. இரண்டாவது ஆள் ஒருவர் சுட்டார், அதன் பின்னால் பிரிட்டனின் போர்க்கால ரகசியப் படைப்பிரிவு இருந்தது, மறுவிசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு வந்தது. நீதிமன்றம் தனக்கு உதவ நியமித்த மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரண் பழைய ஆவணங்களை எல்லாம் படித்துவிட்டு, அப்படி ஒன்றுக்கும் ஆதாரமில்லை என்று அறிக்கை கொடுத்தார். 2018 மார்ச்சில் மனு தள்ளுபடி ஆனது. அன்று காந்திக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் பேத்தி முறையான மனு காந்தியும் ஆபா காந்தியும் இருந்தார்கள், பின்னால் அவருடைய செயலாளர், நம் தமிழரான வி. கல்யாணம் இருந்தார். சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள். வேறொரு திசையிலிருந்து சுட்டதாக வழக்கில் ஒரு சாட்சியும் சொல்லவில்லை.

இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. காந்தியைப் போன்ற ஒருவரை ஒரு பத்திரிகை ஆசிரியரும் விடுதிக்காரரும் கொன்றுவிட முடியும் என்பதை ஏற்பது கஷ்டம். பெரிய மனிதருக்குப் பெரிய சதி வேண்டும் என்று மனசு கேட்கிறது. வெளிநாட்டுக் கை என்று சொல்லிவிட்டால் நம் அதிகாரிகளையும் நம் அமைச்சர்களையும் நம் அமைப்புகளையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நான்காவது தோட்டாவைத் தேடுவதால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நீங்கள் மேலும் படிக்க விரும்பினால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆத்ம சரணின் தீர்ப்பு, அதில் யார் எங்கே எப்போது இருந்தார் என்பது சாட்சியோடு இருக்கிறது. பிறகு பஞ்சாப் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பர்ச்சுரேயும் கிஸ்தய்யாவும் எதனால் விடுதலையானார்கள் என்று தெரியும். கடைசியாகக் கபூர் அறிக்கை. நீளமானது, திரும்பத் திரும்பச் சொல்லும், சில இடங்களில் குழப்பும். பொறுமையாகப் படியுங்கள். பேராசிரியர் ஜெயின், ராணா, டெல்லி அதிகாரிகளின் பம்பாய்ப் பயணம் பற்றிய அத்தியாயங்களைத் தவற விடாதீர்கள். ஆராய்ச்சி மாணவர் யாராவது இதைப் படித்தால், குவாலியர் சமஸ்தானத்தின் அந்த நாளைய போலீஸ், ராணுவக் கோப்புகளைத் தேடுங்கள். 606824 என்ற எண்ணுள்ள துப்பாக்கி அங்கே வந்த வழி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.